நெளியும் தடம்: ஒரு கேம் சிடி தன்னை அசல் என்று எப்படிச் சொன்னது?

சோனி நிறுவனத்தின் டிவி கேம் இயந்திரமான பழைய பிளேஸ்டேஷனின் கேம் சிடி ஒன்று கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கன்னங்கரேலென்று இருக்கும். மற்ற சிடிகள் எல்லாம் வெள்ளிக் கண்ணாடியாக வானவில் காட்டும்போது இது மட்டும் ஏன் கறுப்பு? காப்பி எடுக்க முடியாமல் செய்யத்தான் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினோம். அது சரியில்லை. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. அந்தக் கறுப்புச் சாயம் தடுப்பது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும்தான். அகச்சிவப்புக்கு அது ஜன்னல் கண்ணாடி மாதிரி. கணினியில் இருக்கும் சாதாரண சிடி டிரைவ் அதைத் தாராளமாகப் படித்துவிடும். படித்ததை வெற்று சிடியில் அப்படியே எழுதியும் விடலாம்.

ஆனால் எழுதிய சிடியைப் பிளேஸ்டேஷனில் போட்டால் ஓடாது.

பிட்டுக்குப் பிட் (0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமும்) எல்லாம் ஒன்றாக இருக்கிறது, இருந்தும் இயந்திரம் இது அசல் இல்லை என்று கண்டுபிடித்துவிடுகிறது. அப்படியானால் காப்பியில் வராமல் போனது எது? இதற்கான பதிலை முதன்முதலில் படித்தபோது அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் படித்தறிந்த பூட்டுகளில் இவ்வளவு அழகானது வேறில்லை.

முதலில் காப்பி என்பதையே கொஞ்சம் பார்க்கலாம். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் கேசட் பதிந்து வாங்கியவர்களுக்கு இது தெரியும். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுத்தது நன்றாக இருக்கும். அந்தக் கேசட்டை நண்பர் வாங்கிப்போய்ப் பதிந்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கொஞ்சம் ஏறும். அவரிடமிருந்து இன்னொருவர் பதிந்தால் பாட்டைவிட இரைச்சல்தான் முன்னால் நிற்கும். கேசட்டுக்குப் பூட்டே தேவைப்படவில்லை, ஒவ்வொரு காப்பியும் தானாகவே தேய்ந்தது.

சிடியில் அந்தத் தேய்மானம் இல்லை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980ல் வகுத்த முறைப்படி, ஒலி அலையின் உயரத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இடது, வலது என்று இரண்டு பக்கம். பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட். மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைச் சிதைக்காமல் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது கணித விதி. 44,100 என்ற எண் அதற்குப் போதும். இப்படி எண்ணாகிவிட்ட பாட்டை ஆயிரம் முறை காப்பி எடுத்தாலும் ஆயிரமாவது காப்பி முதலாவதைப் போலவே இருக்கும்.

அந்த எண்களெல்லாம் தட்டில் ஒரே ஒரு சுருள் தடத்தில், நுண்ணிய பள்ளங்களாகவும் சமதளங்களாகவும் கிடக்கின்றன. தடம் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பது சுற்றுக்கு மேல் அடங்கிவிடும். தடத்தைப் பிரித்து நேராக நீட்டினால் 5 கிலோமீட்டரைத் தாண்டும்.

இவ்வளவு மெல்லிய தடத்தை, சுழலும் தட்டில், லேசர் எப்படித் தவறவிடாமல் பிடித்துக்கொள்கிறது? ஒளிப்புள்ளி தடத்தின் நடுவிலிருந்து சற்று விலகினால், இரு பக்கத்திலிருந்தும் திரும்பி வரும் ஒளியில் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் ஒரு மின் சைகையாகிறது. அதை வைத்து லென்ஸைக் கொஞ்சம் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். இதை ‘விலகல் சைகை’ என்று சொல்லிக்கொள்வோம். பாட்டும் கேமும் இதில் கிடையாது. வண்டி ஓட்டும்போது ஸ்டியரிங்கைக் கை லேசாகத் திருத்திக்கொண்டே இருக்குமே, அதுபோல ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் சைகை இது. வேலை முடிந்ததும் டிரைவ் இதை மறந்துவிடும், கணினிக்கு அனுப்பாது.

பிளேஸ்டேஷனை வடிவமைத்தவர்கள் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

சிடியின் உள்விளிம்பில், கேம் தொடங்கும் முன்பாக, தட்டில் என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும் வளையம் ஒன்று உண்டு. அசல் பிளேஸ்டேஷன் சிடியில் அந்தப் பகுதியின் தடம் நேராகப் போவதில்லை. இடமும் வலமுமாக, பாம்பு ஊர்வது போல, மிக மிகக் குறைந்த அளவில் நெளிந்துகொண்டு போகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 22,000 நெளிவு. அவ்வளவு வேகத்துக்கு லென்ஸ் அசைய முடியாது, அதனால் அது நடுவிலேயே நிற்கும். ஆனால் விலகல் சைகையில் ஒரு மெல்லிய நடுக்கம் தெரியும். அந்த நடுக்கம் வருவதும் நிற்பதுமாக, வினாடிக்கு 250 பிட் என்ற நிதானமான வேகத்தில், நான்கே நான்கு ஆங்கில எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஜப்பான் தட்டு என்றால் எஸ்.சி.இ.ஐ. அமெரிக்காவுக்கு எஸ்.சி.இ.ஏ. ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ. முதல் மூன்று எழுத்தும் சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் என்பதன் சுருக்கம், நான்காவது எந்தப் பகுதி என்பதைச் சொல்லும்.

பிளேஸ்டேஷனின் சிடி பகுதியில் இந்த நடுக்கத்தைக் கேட்கவே தனியாக ஒரு மின்சுற்று இருந்தது. தட்டைப் போட்டதும் அது நான்கு எழுத்துக்காகக் காத்திருக்கும். தன் பகுதிக்குரிய எழுத்து வந்தால் கேம் தொடங்கும், வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடும்.

இதைக் கணினியில் காப்பி எடுப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவருடைய டிரைவுக்குப் பள்ளமும் சமதளமும் மட்டும்தான் தகவல். நெளிவு அவருடைய கோப்பில் வருவதே இல்லை. வந்தாலும் எழுத வழியில்லை. வெற்று சிடி எதுவும் வழவழப்பான தட்டு அல்ல, தொழிற்சாலையிலேயே அதில் வழிகாட்டித் தடம் ஒன்றைப் பதித்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தத் தடமும் 22,000ஐ ஒட்டியே நெளிகிறது, எழுதும் டிரைவ் தன் வேகத்தையும் இடத்தையும் தெரிந்துகொள்வதற்காக. ஆக, காப்பி தட்டிலும் ஒரு நெளிவு இருக்கிறது, ஆனால் அது சொல்லும் செய்தி வேறு. வீட்டில் இருக்கும் எந்த டிரைவாலும் அந்தத் தடத்தை மாற்றி வளைக்க முடியாது. எழுத்தை அப்படியே பார்த்து எழுதிவிடலாம், தாளின் நீரோட்டக் குறியை எழுத முடியுமா? ரூபாய் நோட்டில் இருக்கும் அதே தந்திரம்தான்.

அப்புறம் எப்படித்தான் உடைந்தது? தட்டை யாரும் ஏமாற்றவில்லை, கேட்கும் காதை ஏமாற்றினார்கள். எட்டுக் கால் கொண்ட ஒரு சிறிய நிரல் சிப்பை எடுத்து, கன்சோலை, அதாவது கேம் இயந்திரத்தை, திறந்து, நெளிவைக் கேட்கும் மின்சுற்றுக்குப் போகும் இணைப்பில் சில கம்பிகளைச் சூடு வைத்து ஒட்டினார்கள். தட்டு பேசாவிட்டால் என்ன, சிப் பேசும். வினாடிக்கு 250 பிட், அதே நான்கு எழுத்து. சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் ‘சிப் போட்ட பிளேஸ்டேஷன்’ என்று அப்போது கேட்டிருந்தால் புரியாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். ஒரே சிப் மூன்று பகுதியின் எழுத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிடுவதால், ஜப்பானில் மட்டும் வந்த கேம்களும் ஓடின. அசல் காசு கொடுத்து வெளிநாட்டுத் தட்டு வாங்கியவர்களுக்கும் அந்தச் சிப் தேவைப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. நான்காவது எழுத்து தடுத்தது திருட்டை அல்ல, அது ஒரு வியாபார எல்லை. பூட்டின் அந்தப் பாதியை நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை.

இதற்கு அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. முதலில் வந்த சிப்கள் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தன. பின்னால் வந்த சில கேம்கள் அதை வைத்தே பிடித்தன. நெளிவு இருக்கவே கூடாத, கேம் பதிந்திருக்கும் பகுதிக்கு லேசரை அனுப்பிவிட்டு, “இப்போது நான்கு எழுத்து வருகிறதா?” என்று பார்த்தன. வந்தால் உள்ளே சிப் இருக்கிறது. உடனே சிப் செய்பவர்கள், தொடக்கத்தில் மட்டும் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சிப்பைக் கொண்டுவந்தார்கள்.

2000ல் வந்த ‘ஸ்பைரோ: இயர் ஆஃப் த டிராகன்’ வேறு வழியில் போனது. உடைக்கவே முடியாத பூட்டு கிடையாது, உடைப்பவர்களைத் தாமதப்படுத்தினால் போதும் என்று அதை எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். கேம் தன்னைத் தானே பல இடங்களில் சோதித்துக்கொள்ளும். யாரோ கை வைத்திருப்பது தெரிந்தாலும் உடனே நிற்காது. விளையாடிக்கொண்டே போகும்போது, கஷ்டப்பட்டுச் சேர்த்த முட்டைகள் காணாமல் போகும். இறுதிச் சண்டை வரை போனவரைத் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பி, சேமித்து வைத்ததையும் அழித்துவிடும். உடைப்பவர் தன் வேலை முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே முழு கேமையும் விளையாடிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியது. ஒரு கேமின் விற்பனை பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நடப்பதால், அதுவே அவர்களுக்குப் பெரிய வெற்றி.

சரி, இசைக்கு வருவோம். கேம் சிடியில் இவ்வளவு நேர்த்தியாகப் பூட்டு போடத் தெரிந்தவர்களால் பாட்டு சிடியில் ஏன் போட முடியவில்லை?

பிளேயர் யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெளிவு வேலை செய்தது, அதைக் கேட்கும் காது ஒவ்வொரு பிளேஸ்டேஷனிலும் முதல் நாளிலிருந்தே இருந்ததால். தட்டைச் செய்பவரும் இயந்திரத்தைச் செய்பவரும் ஒரே ஆள். இசை சிடியோ 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதே எல்லோருக்கும் பொதுவான முறையாக வந்தது. எந்த நிறுவனம் செய்த பிளேயரும் எந்தத் தட்டையும் பாடும், தட்டு அசலா என்று கேட்கும் வழக்கமே கிடையாது. அப்போது வீட்டில் சிடி எழுத யாராலும் முடியாது என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பதினைந்து இருபது ஆண்டு கழித்து, கோடிக்கணக்கான பிளேயர்கள் வீடுகளில் உட்கார்ந்த பிறகு, திடீரென்று பூட்டு வேண்டும் என்றால்? கேட்கத் தெரியாத பிளேயரிடம் நெளிவு வைத்துப் பயனில்லை.

இதற்குள் பாட்டைச் சுருக்கிச் சிறு கோப்பாக்கும் எம்பி3 முறை வந்து சேர்ந்திருந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் அந்தக் கோப்புப் பெயரை முடிவு செய்தது 1995ல். அதன் அடிப்படை நம் காதின் பலவீனம்தான். நாதஸ்வரம் ஓங்கி ஒலிக்கும்போது அதே சுருதிக்குப் பக்கத்தில் யாராவது மெல்ல முனகினால் நமக்குக் கேட்காது. பெரிய ஓசை சிறிய ஓசையை மறைத்துவிடுகிறது. கேட்காததை ஏன் துல்லியமாக எழுதி வைக்க வேண்டும்? எம்பி3 ஒவ்வொரு சிறு நேரத் துண்டையும் அதிர்வெண் வாரியாகப் பிரித்து, மறைந்துபோகும் ஓசைகளுக்குக் குறைந்த பிட், கேட்கும் ஓசைகளுக்கு அதிகப் பிட் என்று பங்கிடுகிறது. வினாடிக்கு 14 லட்சம் பிட் 1,28,000 ஆகிவிடும், பதினொன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் ஜால்ராவும் சிம்பலும் தண்ணீருக்குள் அடிப்பது போல் ஒலிக்கும், எனக்கு அது பிடிக்காது. 2,56,000க்கு மேல் போனால் நான் கண்ணை மூடிக் கேட்டும் வித்தியாசம் கண்டதில்லை. ஆனால் எம்பி3 பரவியதற்குத் தரம் காரணமில்லை. அது சிறியது, பூட்டில்லாதது, எந்தக் கருவியிலும் பாடியது.

பதறிப்போன இசை நிறுவனங்கள் ஒரே வழியைத்தான் கண்டன: பழைய பிளேயருக்குப் புரிந்து, கணினிக்கு மட்டும் புரியாத மாதிரி தட்டைக் கெடுத்து வைப்பது. சிடியில் பிழை திருத்தும் குறிகள் உண்டு. ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ச்சியாகத் தகவல் அழிந்தாலும் மீதியிலிருந்து அதை முழுதாகக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். சில பூட்டுகள் வேண்டுமென்றே அந்தக் குறிகளில் பிழைகளைப் புகுத்தின. பாட்டு பிளேயர் பிழையை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும், கணினி டிரைவ் திணறும். காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது பிறவியிலேயே கீறல் விழுந்த தட்டு. இன்னொரு முறையில், தட்டின் வெளிவிளிம்பில் பொய்யான ஒரு தகவல் தடத்தை வைத்தார்கள். கணினி அதைத் தேடிப்போய் மாட்டிக்கொள்ளும். 2002ல் அதை உடைக்கத் தேவைப்பட்டது ஒரு மார்க்கர் பேனா. வெளிவிளிம்பில் ஒரு வட்டம் வரைந்தால் பொய்த் தடம் மறைந்துவிடும், பாட்டு முழுதாக வந்துவிடும். சோனியோடு சேர்ந்து சிடியைக் கண்டுபிடித்த பிலிப்ஸே, இப்படிக் கெடுத்த தட்டுகளில் சிடி முத்திரையைப் போடக்கூடாது என்று எதிர்த்தது.

2005ல் நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் விற்ற பல இசைத் தட்டுகளில் ஒரு நிரல் இருந்தது. விண்டோஸ் கணினியில் தட்டைப் போட்டதும் உள்ளே புகுந்து, இயங்குதளத்தின் அடியாழத்தில் உட்கார்ந்துகொள்ளும். தன்னை மறைத்துக்கொள்ள அது செய்த வேலை இது: ஒரு குறிப்பிட்ட முன்னொட்டில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் கணினியின் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். அந்தப் பெயரை யார் வைத்தாலும் மறையும். அதனால் வைரஸ் எழுதுபவர்களும் அந்த மறைவிடத்துக்குள் புகுந்தார்கள். மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அக்டோபர் 31 அன்று இதை வெளியிட்ட பிறகு, நிறுவனம் கொடுத்த நீக்கும் கருவி இன்னொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குகள் வந்தன. பாட்டைத் திருடியவரின் எம்பி3யில் இந்தத் தொல்லை கிடையாது. கடைக்குப் போய்க் காசு கொடுத்தவரின் கணினிதான் கெட்டது. பிளேஸ்டேஷனின் நெளிவு தட்டோடும் இயந்திரத்தோடும் நின்றது, வாங்கியவரின் வேறு எந்தப் பொருளையும் தொடவில்லை. இரண்டையும் ‘காப்பித் தடுப்பு’ என்ற ஒரே பெயரில் அழைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இசை வியாபாரம் தட்டிலிருந்து கோப்புக்கு மாறியபோதும் பூட்டு கொஞ்ச காலம் கூடவே வந்தது. 2003ல் ஆப்பிள் தொடங்கிய ஐட்யூன்ஸ் இணையக் கடையின் பாட்டுகள் பூட்டோடுதான் விற்றன. ஆனால் அதைச் சிடியில் எழுதிக்கொள்ள அனுமதி இருந்தது, எழுதிய சிடியைத் திரும்ப எம்பி3 ஆக்கினால் பூட்டு போய்விடும். 2009ல் அந்தப் பூட்டையும் எடுத்துவிட்டார்கள்.

இசைத் தட்டின் கதவு திறந்திருந்ததால் ஒரு கன்சோலே விழுந்த கதையும் உண்டு. சேகா நிறுவனம் 1998ல் கொண்டுவந்த டிரீம்காஸ்ட், தனக்கென்று ஜிடி-ராம் என்ற ஒரு ஜிகாபைட் தட்டை வைத்திருந்தது. பள்ளங்களை நெருக்கமாக அடுக்கிய தட்டு, சாதாரண டிரைவால் முழுதாகப் படிக்க முடியாது. பூட்டு தட்டின் உடம்பிலேயே இருந்தது, நல்ல யோசனைதான். ஆனால் மில்-சிடி என்று பாட்டோடு படமும் மெனுவும் காட்டும் ஒரு புதிய இசைத் தட்டு வகையையும் அந்த இயந்திரம் ஓட்டும்படி செய்தார்கள். அது சாதாரண சிடி. அதாவது, சாதாரண சிடியிலிருந்து நிரலைத் தொடங்கும் ஒரு பின்வாசல். அதில் வரும் நிரலின் வரிசையைக் கலைத்து வைத்துப் பாதுகாத்தார்கள், அந்தக் கலைக்கும் முறை வெளியே தெரிந்துபோனது. 2000ல் எந்தச் சிப்பும் போடாமல், கடையில் வாங்கிய வெற்று சிடியிலேயே டிரீம்காஸ்ட் கேம்கள் ஓடின. 2001 மார்ச்சோடு உற்பத்தி நின்றது. அந்த வீழ்ச்சிக்கு வேறு பெரிய காரணங்களும் இருந்தன, பழியை முழுக்க இதன்மேல் போட மாட்டேன். ஆனால் வந்த மில்-சிடி இசைத் தட்டுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இதன் பிறகு கன்சோல் பூட்டுகள் தட்டை விட்டுக் கணிதத்துக்குப் போயின. நிறுவனம் தன்னிடம் இருக்கும் ஒரே ரகசிய எண்ணை வைத்து ஒவ்வொரு நிரலுக்கும் கையெழுத்திடும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாகக் குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எண்ணும் (குருட்டு எண் என்போம்) வேண்டும். ரகசிய எண், குருட்டு எண் என்று தெரியாதவை இரண்டு, கிடைப்பது ஒரு சமன்பாடு. எத்தனை கையெழுத்தைச் சேகரித்தாலும் ஒவ்வொன்றிலும் புதிதாக ஒன்று தெரியாததாக வருவதால், தெரியாதவை எப்போதும் ஒன்று கூடுதலாகவே இருக்கும். பிளேஸ்டேஷன் 3ல் அந்தக் குருட்டு எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் ஒரே எண்ணையே பயன்படுத்திவிட்டார்கள். இரண்டு கையெழுத்து, இரண்டு சமன்பாடு, தெரியாதவையும் இரண்டே. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை வந்துவிடும், பத்தாம் வகுப்பில் போடும் கணக்கு மாதிரி. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஒரு குழு இதை மேடையில் விளக்கியது.

எனக்கு இன்னும் பிடித்தது அந்தப் பழைய நெளிவுதான். 1994ல் ஜப்பானில் பிளேஸ்டேஷனோடு வந்த ‘ரிட்ஜ் ரேசர்’ என்ற கார் பந்தய கேம் முழுவதும் இயந்திரத்தின் நினைவகத்துக்குள் ஏறிவிடும். ஏறிய பிறகு தட்டை வெளியே எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த பாட்டு சிடியைப் போடலாம். கார் ஓடும், பின்னணியில் உங்கள் பாட்டு ஒலிக்கும். மாற்றியும் செய்யலாம். அந்த கேம் சிடியை எடுத்துச் சாதாரண பாட்டு பிளேயரில் போட்டு இரண்டாவது தடத்துக்குப் போனால், கேமின் இசை அருமையாகக் கேட்கும், ஏனென்றால் அது வழக்கமான சிடி இசையாகவே பதிந்திருக்கிறது. தட்டு உள்ளே போனதும் பிளேயர் முதலில் உள்விளிம்பில் இருக்கும் பட்டியலைப் படிக்கும். அப்போது அதன் விலகல் சைகையில் அந்த நடுக்கம் வந்துபோகும். எஸ், சி, இ, ஐ. பிளேயர் லென்ஸை நடுவில் பிடித்துக்கொண்டு, எத்தனை பாட்டு என்று எண்ணி முடித்து, பாடத் தொடங்கும்.